பிலோமினா அக்கா காலியாக விட்ட இடம்

செய்தி வந்தபோது நான் தரையில் இல்லை. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலைச் சுவரோரம் நிற்கும் அங்சானா மரத்தில், முப்பதடி உயரத்தில், லோரியின் தூக்குக் கூண்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கிளையில் பாதிக்கு மேல் செயின்சா இறங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை. பாதி அறுத்த கிளையை அப்படியே விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறவன், கீழே நடந்து போகிறவர் தலையில் அதைப் போடுகிறான். முப்பது வருடத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட ஒழுக்கம் அது ஒன்றுதான். அறுத்து முடித்து, கிளையைக் கயிற்றில் இறக்கிவிட்டுப் பிறகுதான் தொலைபேசியை எடுத்தேன்.

பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்தில் வேலை செய்யும் தனம் பேசினார்.

“மாணிக்கம் அண்ணே, அக்கா போயிட்டாங்கண்ணே.”

“எந்த அக்கா?”

“நமக்கு எத்தன அக்காண்ணே இருக்காங்க?”

கூண்டைக் கீழே இறக்கச் சொன்னேன். லோரி ஓட்டுநர் நிமிர்ந்து பார்த்து, “என்ன அண்ணே, குளவியா?” என்று கேட்டார். குளவி வந்தால் மட்டும்தான் நான் வேலையை விட்டு இறங்குவேன் என்று அவருக்குத் தெரியும். குளவியாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிலோமினா அக்காவைத் தெரிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். தெரியாதவர்களும் படிப்பீர்கள். அவருடைய முப்பதாம் நாள் பூசையில் கொடுப்பதற்கு, அவர் வேலை செய்த அச்சகத்திலேயே ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். அதற்கு நான் பேச, தனம் எழுதுகிறார். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மூன்று வரி தாண்டினால் தலை சுற்றும். எழுதுவது என்னால் ஆகாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறந்தவரைப் பற்றிப் பேசும்போது எல்லோரையும் மன்னித்துப் பேச வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. நான் இதில் யாரையும் மன்னிக்கப் போவதில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

அக்கா ரயில்வே குடும்பத்துப் பெண். அப்பா தண்டவாளத்தில் வேலை செய்தவர். அக்கா பள்ளி முடித்த கையோடு அந்த அச்சகத்துக்கு வந்தார். கடைசி வரைக்கும் அங்கேதான் இருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளி மலர் எல்லாம் அங்கே அடிப்பார்கள். ஆனால் அக்காவின் வேலை சாவு வேலை. மரண அறிவித்தல், நினைவு அட்டை, வருடம் திரும்பியதும் பத்திரிகையில் போடுகிற நினைவஞ்சலி, அதற்குக் கீழே வரும் நாலு வரிப் பாட்டு எல்லாம் அவர் எழுதியவை. கிள்ளானிலிருந்துகூட ஆட்கள் படத்தை எடுத்துக்கொண்டு அவரைத் தேடி வருவார்கள்.

வருகிறவர்களிடம் அவர் கேட்கும் கேள்வி விசித்திரமானது. “அப்பா எதுக்குக் கோவப்படுவாரு?” என்று கேட்பார். அழுதுகொண்டு வந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு யோசிப்பார்கள். ஒருவர், “ஃபேன் சுவிட்ச அணைக்காம போனா கத்துவாருங்க” என்று சொல்லிச் சிரித்துவிட்டு, உடனே இன்னும் சத்தமாக அழுததை நானே பார்த்திருக்கிறேன். “நல்லவரு, பாசமானவருன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க. கோவம்தான் ஆளுக்கு ஆள் வேற” என்பார் அக்கா.

நான் அவரைச் சந்தித்தது சண்டையில்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாலையை அகலப்படுத்தினார்கள். அங்கே நின்ற அங்சானாவை என் முதலாளிக்கு வந்த உத்தரவின்படி நான் அறுத்தேன். மறுநாள் கட்டைகளை ஏற்றப் போனால், அடிமரத்தின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கறுப்புக் கட்டம் போட்ட தாள், மனிதருக்குப் போடுகிற மாதிரியே. அதை உரித்துக்கொண்டு பக்கத்து மாமாக் கடைக்குப் போய், டீ ஆற்றிக்கொண்டிருந்த காதர் பாயிடம் கொடுத்தேன். அவர் சத்தமாகப் படித்தார்.

‘மரண அறிவித்தல். பெயர்: அங்சானா. தோற்றம்: யாருக்கும் தெரியாது. மறைவு: நேற்று, மதியச் சாப்பாட்டுக்கு முன். பிரிவால் வாடுவோர்: பூக்கடை சரசு, டாக்சி நிறுத்தத்தார், இரண்டு காக்கைக் குடும்பம், பெயர் தெரியாத ஒரு நாய். கொன்றவர்: சிவப்புத் தொப்பி போட்டவர்.’

அதற்குக் கீழே பாட்டு.

‘நிழலில் நின்றவர் நூறு பேர்.
நிமிர்ந்து பார்த்தவர் இரண்டு பேர்.
ஒருவர் காக்கைக்குச் சோறு வைத்தவர்.
மற்றவர் கயிறு கட்டியவர்.’

காதர் பாய் என் தலையைப் பார்த்தார். கடையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

“அண்ணே, தொப்பிய கழட்டிடு லா,” என்றார் பாய்.

நான் கழற்றவில்லை. அதே தொப்பியோடு அச்சகத்துக்குப் போனேன். அங்கே மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பெண்மணி மைதா மாவுக் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

“இத ஒட்டுனது யாரு?”

“நாந்தான். உரிச்சிட்டீங்களா? பரவால்ல, இன்னும் நாலு இருக்கு.”

“நான் கொலகாரனா? ஆர்டர் வந்துச்சு, வெட்டுனேன். எனக்கும் அந்த மரத்துக்கும் என்ன பகை?”

“ஆர்டர் குடுத்தவர் பேரச் சொல்லுங்க. உங்க தொப்பிய எடுத்துட்டு அவரு பேரப் போடுறேன்.”

“எனக்கு எப்படித் தெரியும்? முதலாளி சொல்லுவாரு, நான் போவேன்.”

“அப்ப தொப்பி இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுக் கூழைத் தொடர்ந்து கிண்டினார்.

எனக்குக் கோபம் வந்தது. “உங்க பாட்டுல தப்பு இருக்கு,” என்றேன். “நிமிந்து பாத்தது மூணு பேரு. கயிறு கட்டுறவன் ஒருத்தன், அறுக்குறவன் ஒருத்தன். நான் அறுக்குறவன். கயிறு கட்டுனது வேற ஆளு.”

அக்கா கண்ணாடியைக் கீழே இறக்கி என்னை முதல்முறையாகப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க. வேற என்ன தப்பு?”

அப்படித்தான் ஆரம்பித்தது. அன்றிலிருந்து ஒரு மரத்துக்கு உத்தரவு வந்தால் நான் முதலாளிக்குத் தெரியாமல் அக்காவைக் கூப்பிட்டுவிடுவேன். அவர் ரயிலிலோ பஸ்ஸிலோ வந்து, குடையை மடித்து மரத்தில் சாய்த்துவிட்டு, அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். நம் ஊர் மரத்துக்கு வயது பார்க்க முடியாது. வருடம் முழுக்க மழை என்பதால் உள்ளே வளையம் ஒழுங்காக விழாது. அதனால் ஆட்களிடம்தான் கேட்க வேண்டும். யார் இதன் கீழே மோட்டார் நிறுத்தினார்கள், யார் இதைப் பார்த்து வழி சொன்னார்கள், எந்தக் கல்யாணத்துக்கு இதில் விளக்குக் கட்டினார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்பார். கடைசியில் என்னிடம் திரும்பி, “இது எதுக்குக் கோவப்படும்?” என்பார்.

முதல்முறை கேட்டபோது கிண்டல் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், எனக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது. “வேர்ல சிமெண்டு ஊத்துனா கோவப்படும்க்கா. நடைபாதைய ஒடச்சிக்கிட்டு மேல வரும். ஒரே பக்கமா கிளைய கழிச்சா, அடுத்த காத்துல மறுபக்கத்த முறிச்சுப் போட்டுடும்.” அக்கா எழுதிக்கொண்டார்.

அவருடைய முதல் பாட்டுகளில் தென்றல் நிறைய வீசும். நான் சொல்வேன், “அக்கா, இந்த மரத்துல தென்றல்லாம் தாலாட்டாது. சாயங்காலம் இடியோட வர்ற காத்து இருக்கே, அது தலைய புடிச்சு ஆட்டும்.” கொஞ்ச நாளில் தென்றல் போய்விட்டது. எனக்கும் ஒன்று போனது. அதுவரை மரம் என்றால் எனக்கு எடை; எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே வெட்டினால் எங்கே விழும் என்பதுதான். அக்காவின் நாலு வரிகளைக் கேட்ட பிறகு, கயிறு கட்டுவதற்கு முன் மரத்தடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். வெற்றிலைக் காம்பு கிடந்தால் யாரோ தினமும் வந்து உட்காருகிறார் என்று அர்த்தம். முப்பது வருடத் தொழிலில் பாதிக் காலம் நான் அதைப் பார்த்ததே இல்லை. மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

நோட்டீஸில் பெயர் வரிசைக்குச் சண்டை வரும், மனிதர் சாவில் வருகிற மாதிரியே. அந்த அங்சானாவுக்கே வந்தது. டாக்சிக்காரர்கள் அச்சகத்துக்கு வந்து, “எங்கள ஏன் பூக்கடைக்குப் பின்னாடி போட்டீங்க? நாங்கதான் ரொம்ப வருஷமா அங்க நிக்கிறோம்,” என்றார்கள்.

“காஞ்சு கெடந்தப்ப மரத்துக்குத் தண்ணி ஊத்துனது யாரு?” என்று கேட்டார் அக்கா.

“சரசுதான்க்கா,” என்றார் ஒருவர்.

“அப்ப பூக்கடைதான் முன்னாடி.”

மஸ்ஜித் இந்தியா தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்குப் பின்னால் நின்ற வேம்பை எடுத்தபோது, கடைக்காரப் பெரியவர் நோட்டீஸைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். “என் பேர விட்டுட்டீங்களேம்மா. அஸர் தொழுகைக்குப் போறதுக்கு முன்னாடி தினம் அங்கதான் அஞ்சு நிமிஷம் நிப்பேன்.” அக்கா எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அன்று மாலையே புதிதாக அடித்து, அவர் பெயரை முதலில் போட்டு, அவரோடு போய் ஒட்டிவிட்டு வந்தார். சாவு நோட்டீஸில் ஒரு பெயர் விட்டுப்போவதும் பாவம், தவறான பெயர் வருவதும் பாவம் என்பது அவருடைய தொழில் நெறி. குடும்பத்தில் ஒருவர் நேரில் வந்து உறுதி சொல்லாமல் எந்தப் பெயரையும் அச்சில் ஏற்ற மாட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது முக்கியம்.

செராஸில் ஒரு வீட்டு ஜம்பு மரம் பற்றியும் சொல்ல வேண்டும். பழம் விழுந்து சாக்கடை அடைக்கிறது என்று வீட்டுக்காரர் அறுக்கச் சொன்னார். அக்கா வந்து வழக்கம்போலக் கேள்வி கேட்டார். வீட்டுக்காரர் பதில் சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. மனைவி கர்ப்பமாக இருந்தபோது இதில் பறித்துச் சாப்பிட்டது, மகன் இதிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டது என்று ஒரு மணி நேரம் பேசினார். பிறகு என் செயின்சாவைப் பார்த்து, “நீங்க அப்புறம் வாங்களேன்,” என்றார். அப்புறம் கூப்பிடவே இல்லை. வெளியே வந்ததும் அக்கா சொன்னார், “எனக்கும் வேல போச்சு, உங்களுக்கும் போச்சு. வாங்க, ரோஜாக் சாப்பிடுவோம்.” அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

இப்போது அந்த மழைமரத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வந்ததே அங்கே போகக் கால் வராததால்தான்.

அக்கா குடியிருந்த அடுக்குமாடி வாசலில் அது நின்றது. நம்மவர்கள் தூங்குமூஞ்சி மரம் என்பார்கள். மலாய்க்காரர்கள் அதை ஐந்து மணி மரம் என்பார்கள், சாயங்காலம் ஐந்து வாக்கில் இலையை மூடிக்கொள்வதால். மூன்றாம் மாடி வரைக்கும் அதன் நிழல். அக்காவின் சமையலறை சன்னலைத் திறந்தால் கிளை.

அந்தக் குடியிருப்பு நிர்வாகக் குழுவுக்கு ஒரு தலைவர் உண்டு. இப்போதைக்குத் தலைவர் என்றே சொல்கிறேன். பெயரை அதற்குரிய இடத்தில் சொல்வேன். அவர் வெள்ளை நிறத்தில் புதுக் கார் வாங்கினார். மைனாக்கள் அதன் மேல் தங்கள் வேலையைச் செய்தன. தினமும் காலையில் வாளியோடு நின்று கழுவுவார். மேலே பார்த்துத் திட்டுவார். வேறு காரணம் ஒன்றும் கிடையாது. அவ்வளவு பெரிய மரம் ஒரு காரின் மினுமினுப்புக்காகப் போனது.

ஆனால் நல்ல மரத்தை வெட்ட அனுமதி கிடைக்காது. உள்ளே பொந்து விழுந்து ஆபத்தாக இருக்கிறது என்று நிபுணர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். முதலாளி என்னை அனுப்பினார். நான் மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினேன். பொந்து மரம் பானை மாதிரிச் சத்தம் போடும். இது கல் மாதிரி ‘தக், தக்’ என்றது. தலைவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“உள்ள பொந்து, சரியா?” என்றார்.

“இல்ல சார். நல்லா கெட்டியா இருக்கு.”

“மாணிக்கம். உள்ள பொந்து. உங்க பாஸ்கிட்ட பேசியாச்சு.”

முதலாளி தாளில் எல்லாவற்றையும் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். “சைன் பண்ணு. இல்லன்னா மெஷின வச்சிட்டுப் போ,” என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். அன்று எனக்கு ஒரு காரணம் இருந்தது. இன்று அதைச் சொன்னால் சாக்கு ஆகிவிடும். சொல்லவில்லை.

அக்காவை நான் கூப்பிடவில்லை.

அவருடைய தங்கை மகன் கல்யாணம் கிள்ளானில் நடந்த நாளைத் தலைவர் தேர்ந்தெடுத்தார். என் வீடு கிள்ளான். அன்று காலை நான் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ரயிலில் வந்தேன். அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயிலில் போனார். நடுவில் எங்கோ ஓரிடத்தில் எங்கள் ரயில்கள் எதிரெதிரே கடந்திருக்கும்.

அறுத்து முடித்தபோது சாயங்காலம். அடிமரத்தின் முகம் காபித்தூள் நிறத்தில் கெட்டியாக, ஈரமாக இருந்தது. ஊசி நுழைய இடமில்லை. அதிலிருந்து ஒரு சாண் கனத்துக்கு வட்டமாக ஒரு வில்லை அறுத்து, லோரியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஏன் என்று அன்று யாராவது கேட்டிருந்தால், உட்கார நன்றாக இருக்கும் என்று சொல்லியிருப்பேன். ஒரு நாளும் நான் அதில் உட்கார்ந்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன்.

மறுநாள் அக்கா என்னை வரச் சொன்னார். அடிமரத்தின் பக்கத்தில் நின்றார். குனிந்து, உள்ளங்கையால் அதன் முகத்தைத் தடவினார், ஓரத்திலிருந்து நடு வரைக்கும்.

“பொந்து எங்க?”

நான் தொப்பியைக் கழற்றினேன்.

“தலைவரு ஒட்டுன லெட்டர்ல நிபுணர் பாத்தாருன்னு போட்டிருக்கு. யாரு அந்த நிபுணர்?”

நான் தரையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு, “வெயிலா இருக்கு. தண்ணி குடிக்கிறீங்களா, நிபுணரே?” என்றார்.

அதற்குப் பிறகு இறக்கும் வரைக்கும் அவர் என்னை மாணிக்கம் என்று கூப்பிடவில்லை. நிபுணர்தான். “வாங்க நிபுணரே.” “டீ போதுமா நிபுணரே?” திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

அந்த மரத்துக்கும் நோட்டீஸ் அடித்தார். வாடுவோர் பட்டியலில் குடியிருப்பில் இருந்த அத்தனை வீடும் வந்தது. பாட்டு இது:

‘ஐந்து மணிக்கு இலை மூடுவாய்;
ஆறு மணிக்கு நாங்கள் விளக்கேற்றுவோம்.
இனி கடிகாரம் பார்ப்போம்.
கடிகாரத்துக்கு நிழல் கிடையாது.’

‘கொன்றவர்’ என்ற இடத்தில் மட்டும் வெறும் கோடு.

“தலைவர்தான்னு ஊருக்கே தெரியும்க்கா,” என்றார் தனம்.

“ஊருக்குத் தெரியும். கூட நின்னு பாத்தவரு வந்து சொல்லணும். சொல்லாம பேரப் போட மாட்டேன்,” என்றார் அக்கா. தனத்திடம் பேசிக்கொண்டே என்னைப் பார்த்தார். “நிபுணருக்கு எப்ப வாய் வருதோ, அப்ப நிரப்பிக்கலாம்.”

எனக்கு வாய் வரவில்லை. அக்கா காத்திருந்தார். காத்திருப்பது என்றால் சும்மா இருந்தார் என்று நினைக்காதீர்கள். வருடம் திரும்பியதும் அதே நோட்டீஸ் ‘முதலாம் ஆண்டு நினைவஞ்சலி’ என்று தலைப்பு மாறி, குடியிருப்பின் அறிவிப்புப் பலகைக்கு வந்தது. அதே கோடு. தலைவர் கிழித்தார். அக்கா மறுபடி ஒட்டினார். தலைவர் பலகைக்குக் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டினார். அக்கா கண்ணாடி மேலேயே ஒட்டினார். அவருடைய மைதா கூழ் காய்ந்தால் இரும்பு. தலைவர் முக்காலி போட்டு ஏறிக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருக்கும்போது, பாசாருக்குப் போய் வந்த பெண்கள் கீழே நின்று, “என்ன தலைவரே, கைவேலையா?” என்று கேட்பார்கள். அந்தக் கோட்டில் யார் யாரோ ஏதேதோ எழுதினார்கள். ஒருவர் ‘மைனா’ என்று எழுதினார். அக்கா அதற்கு மட்டும் சிரித்தார்.

மரம் இருந்த இடத்தில் நாலு கார் நிறுத்த இடம் போட்டார்கள். முதல் இடம் தலைவருக்கு. மதிய வெயிலில் அந்த வெள்ளைக் காரைத் தொட முடியாது. தலைவர் ஸ்டியரிங்கில் ஈரத் துண்டைப் போட்டுப் பிடித்து ஓட்டுவார். அக்கா மேலே சன்னலில் நின்று, வெங்காயம் நறுக்கிக்கொண்டே, அதைப் பார்ப்பார். இரண்டாம் ஆண்டுப் பாட்டு அங்கேதான் பிறந்தது:

‘நான் நின்ற இடத்தில் நாலு கார்.
நாலு கார் கண்ணாடியிலும் வெயில் அட்டை.
என் நிழலை வெட்டியவரே,
அட்டையைப் பெரிதாக வாங்குங்கள்.’

மூன்றாம் ஆண்டும் வந்தது. நான்காம் ஆண்டும் வந்தது. அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டு, கால் வீங்கி, வீட்டை விட்டு இறங்க முடியாமல் போனது. அப்போதும் கூழைக் கிண்டித் தனத்திடம் கொடுத்து அனுப்பினார்.

இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு பார்க்கப் போனேன். சன்னலோரம் நாற்காலியில் இருந்தார். சன்னலில் வானம்தான் இருந்தது.

“ஊருக்கெல்லாம் எழுதுனேன். எனக்கு யாரு எழுதுவா நிபுணரே?”

“தனம் இருக்காங்களேக்கா.”

“எனக்குப் பாட்டு வேணாம். அந்த ஒரு எடத்த நிரப்புங்க. போதும்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “நான் இருக்கும்போது நிரப்புனா படிச்சிட்டுப் போவேன்.”

“சரிக்கா,” என்றேன். இந்த வாரம், அடுத்த வாரம் என்று இருந்தேன். அதற்குள் தொலைபேசி வந்துவிட்டது.

தேவாலயத்தில் கூட்டம். அவர் நோட்டீஸ் எழுதிக் கொடுத்த குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. மஸ்ஜித் இந்தியா பெரியவர் வாசலில் நின்றார். தலைவரும் வந்தார், ஆள் உயர மலர்வளையத்தோடு. பூசை முடிந்ததும் இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்று ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். அக்காவும் தானும் தோளோடு தோள் நின்று குடியிருப்பைப் பசுமையாக வைத்திருந்ததாகச் சொன்னார். அந்த மழைமரம் நோயால் விழ வேண்டி வந்தபோது தன் கண்ணும் கலங்கியதாகச் சொன்னார். அக்கா பெயரில் தொட்டியில் ஒரு கன்று வைக்கப் போகிறாராம், பெயர்ப் பலகையோடு.

சவப்பெட்டி அங்கேதான் இருந்தது. அக்கா அதற்குள் இருந்துகொண்டு அதைக் கேட்கிறார் என்று தோன்றியது. நான் எழுந்தேன்.

“தலைவரே, அந்த மரத்துல பொந்து இருந்துச்சா?”

“மாணிக்கம், இது அதுக்கு நேரமில்ல.”

“இருந்துச்சா, இல்லயா?”

அவர் கெட்டிக்காரர். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார், “பொந்து இருக்குன்னு சைன் போட்டதே இவருதான். கேட்டுக்கங்க.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இத்தனை வருடம் நான் பயந்தது இந்த ஒரு நிமிடத்துக்குத்தான். வந்த பிறகு பார்த்தால், அதில் ஒன்றுமே இல்லை.

“ஆமா. நாந்தான் போட்டேன். பொய்க் கையெழுத்து. கல்லு மாதிரி இருந்த மரத்த, உங்க காரு அசிங்கமாகுதுன்னு நீங்க சொல்லி நான் அறுத்தேன்.”

ஃபாதர் இறங்கி வந்து என் தோளில் கை வைத்தார். “மன்னிச்சிருவோம் மாணிக்கம்.”

“அக்கா மன்னிச்சாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க ஃபாதர். அவங்க மன்னிச்சிருந்தா நானும் மன்னிக்கிறேன்.”

ஃபாதர் கையை எடுத்துக்கொண்டார். பூக்கடை சரசு போய், அந்த மலர்வளையத்தைத் தூக்கி வெளியே குப்பைத் தொட்டியின் பக்கத்தில் சாய்த்துவிட்டு வந்தார். கல்லறைக்கு அது வரவில்லை.

ஏழாம் நாள், தார்ப்பாயை விலக்கி அந்த வில்லையை எடுத்தேன். லோரி ஓட்டுநரும் நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம். குடியிருப்பில் மின்தூக்கிக்குப் பக்கத்தில், அறிவிப்புப் பலகைக்குக் கீழே, சுவரில் சாய்த்து நிறுத்தினோம். பலகையின் கண்ணாடியில் தனம் புது நோட்டீஸை ஒட்டினார். அக்காவின் கூழ் டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

தலைவர் வந்தார். என்னைப் பார்க்காமல் கட்டையைப் பார்த்தார்.

“இத எடுங்க. இது பொது எடம்.”

“பொந்த காட்டுங்க சார். காட்டுனா இப்பவே எடுத்திடறேன்.”

அவர் அதன் முன்னால் நின்றார். மின்தூக்கிக்குக் காத்திருந்த ஒரு பெண்மணி, கையில் காய்கறிப் பையோடு, எட்டி விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். தக். அவர் கணவரும் தட்டினார். தக், தக். தலைவர் படியேறிப் போய்விட்டார்.

மறுநாள் முதலாளி, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சரி பாஸ் என்றேன். அது அவர் பாடு.

அந்த நோட்டீஸில் இருப்பதை இங்கேயும் ஒருமுறை போடச் சொல்கிறேன். கண்ணாடியைச் சுரண்டலாம். ஐந்நூறு புத்தகத்தை வீடு வீடாகப் போய்ச் சுரண்ட முடியாது.

‘பெயர்: மழைமரம். கொன்றவர்: ஆணையிட்டவர், நிர்வாகக் குழுத் தலைவர் இராஜமோகன். பொய் சொல்லி அறுத்தவர், மாணிக்கம். உறுதி சொன்னவர்: கூட நின்றவர்.’

அக்கா, உங்களுக்குப் பாட்டு வேண்டாம் என்றீர்கள். போடவில்லை. ஆனால் நீங்கள் எல்லோரிடமும் கேட்ட கேள்வியை உங்களைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். அக்கா எதற்குக் கோபப்படுவார் என்று. உயிரோடு நின்றதைச் செத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் கோபப்படுவார் என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் தெரிந்தவன் போட்டால் சாகும் வரைக்கும் கோபப்படுவார் என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று ஐந்து மணிக்கு அங்கே போயிருந்தேன். வேலை முடிந்து வருகிறவர்கள் மின்தூக்கிக்கு நிற்கிற நேரம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆனால் வருகிற ஒவ்வொருவரும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஏறுகிறார்கள். தக். தக். தலைவர் வீடு முதல் மாடி, மின்தூக்கிக்கு நேர் மேலே. வெளியே போய்ப் பார்த்தேன், சன்னல்களை எல்லாம் சாத்தி வைத்திருந்தார். அந்தச் சத்தம் சன்னல் வழியாகப் போவதில்லை அக்கா, சுவர் வழியாகப் போகிறது.

போய் வாருங்கள். தட்டுவதற்கு நாங்கள் இருக்கிறோம்.